தென் ஒன்லி

ஒரு மிக்ஸி வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டவள் அவள். எந்த மிக்ஸி எத்தனை வருடம் உழைக்கிறது, எதற்கு உதிரி பாகம் கிடைக்கிறது, எது மூன்றாம் மாதமே ஊரைக் கூட்டுகிறது என்று பதினோரு வீட்டில் விசாரித்து, நோட்டில் கட்டம் கட்டி எழுதிவிட்டுக் கடைக்குப் போனால், தேர்ந்தெடுத்த அந்த மாடல் வருவதே நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு வைத்த பெயர்தான் ‘ஆராய்ச்சி’. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பெட்டியாக இருந்தாலும் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும் என்கிற கட்சி. “ஆராய்ச்சி, என் நீலச் சட்டை எங்க?” என்று காலையில் குரல் கொடுப்பார். “பீரோவுல ரெண்டாவது தட்டு, பழுப்புச் சட்டைக்குக் கீழே” என்று அவளும் பதில் சொல்லிப் பழகிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் கண்ணில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று ஒரு விளம்பரம் பட்டால் என்ன ஆகும்? கல்லூரியிலிருந்து வரும் வழியிலேயே புது நோட்டு வாங்கிவிட்டாள். நூற்று இருபது பக்கம், கட்டம் போட்டது.

பதினெட்டு வருடமாக அவளும் ஆங்கில ஆசிரியர்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வேறு பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கான முதலாண்டு இலக்கணம் மட்டும். ஒரு வகுப்பில் எழுபது பேர். கதை, கவிதை, நாடகமெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஆங்கிலத்தில் படித்து வந்தவர்களுக்குப் போய்விடும். அவள் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள், பத்தொன்பது வயதில்தான் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தவள். ஒரே ஒரு முறை துறைத்தலைவர் அறைக்குப் போய், “சார், இந்த வருஷம் எனக்கு ஒரு சிறுகதை பேப்பர் குடுங்க” என்று கேட்டாள். அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். “மேடம், உங்க திருத்தம் மாதிரி இந்த காலேஜ்ல யாருக்கும் வராது. அதை விட்டுட்டு இதுக்கு ஏன் வரீங்க?” பாராட்டி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டார். வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பாராட்டிக்கொண்டே கதவைச் சாத்துவது ஒரு தனித் திறமை, அது அவருக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

அன்றிலிருந்து சிவப்பு ரீஃபில் வாங்குவதை டஜன் கணக்காக வைத்துக்கொண்டாள்.

விளம்பரத்தில் ‘வாசிப்பு மற்றும் உரையாடல் வகுப்புகள்’ என்று இருந்தது. அந்த ‘உரையாடல்’ தான் அவளை அடித்துப்போட்டது. ஒரு கதையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் வாயாரப் பேச வேண்டும். சாகிறதுக்குள் ஒரு தடவையாவது அதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. விளம்பரத்தின் அடியில், பொடி எழுத்தில், வயது வரம்பு நாற்பத்தைந்து என்று இருந்தது. விண்ணப்பம் முடிகிற தேதியிலிருந்து சரியாகப் பத்தொன்பதாம் நாள் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதாவது இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

“போறதுன்னா போ. ஒரு வருஷம் நானும் பாப்பாவும் சமாளிச்சுக்கறோம், அப்புறம் நாங்களும் வந்துடறோம்” என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, ரிப்பேர் ஆகாத மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட ஆரம்பித்தார். மனசு சரியில்லாவிட்டால் அவர் நன்றாக ஓடுகிற எதையாவது கழற்றுவார். பத்தாவது படிக்கிற மகள் மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “அம்மா எங்க போவா? நோட்டு முடியறதுக்குள்ள யுனிவர்சிட்டியையே மூடிடுவாங்க” என்றாள்.

நோட்டு வளர்ந்தது. வீட்டு வாடகை, பேருந்து, தண்ணீர், பள்ளிக்கூடம், பல்வலி வந்தால் எங்கே போவது. குளிரைப் பற்றி நாலு பக்கம். அங்கே படிக்கிற ஒரு மாணவி, தன் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிற வீடியோ ஒன்றைப் போட்டிருந்தாள். ஏதோ தோழிகளுக்காக விளையாட்டாக எடுத்தது. நம் ஆராய்ச்சி அதை நிறுத்தி நிறுத்தி, கதவு திறந்திருந்த ஒரு வகுப்பறைக்குள் எட்டிப்பார்த்து நாற்காலிகளை எண்ணினாள். இருபத்துநாலு. வட்டமாகப் போட்டிருந்தார்கள். மறுபடியும் எண்ணினாள். அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது, “இருபத்துநாலே இருபத்துநாலு நாற்காலிங்க” என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் வீட்டுக்காரர் “பரவாயில்லையே” என்று சொல்லிவைத்தார்.

அந்தத் துறையின் பக்கத்தில் பதினொரு ஆசிரியர்களின் புகைப்படம் இருந்தது. கூட வேலை பார்க்கப்போகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற தளம் ஒன்று இருக்கிறது. அதில் போய் ஆறு வருடத்துப் பக்கங்களையும் எடுத்து, அட்டவணை போட்டாள். நாலு பேர் ஆறு வருடமும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணிக்கு மூன்றாம் வருடம் மூக்குக் கண்ணாடி வந்தது, ஐந்தாம் வருடம் அதற்குச் சங்கிலி வந்தது. சுருட்டை முடிக்காரர் ஒருவருக்கு வருடா வருடம் நெற்றி ஏறிக்கொண்டே போனது. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் அவர்களோடு ஒரு பழக்கமே வந்துவிட்டது அவளுக்கு. மீதி ஏழு படம் மட்டும் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு முகம். அந்த ஏழு பேரும் அவளைப்போலவே தூரத்து ஊர்களிலிருந்து, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு போனவர்கள் என்பது அவரவர் படித்த கல்லூரிகளின் பட்டியலிலிருந்து தெரிந்தது.

அட்டவணையை வீட்டுக்காரரிடம் காட்டினாள். அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

“ஒரு கட்டடத்துல வாட்ச்மேன் மாறிக்கிட்டே இருந்தா நான் முதல்ல வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன்” என்றார். “கட்டடத்துல என்னன்னு பாப்பேன்.”

“அதைத்தாங்க பாக்கணும்” என்றாள்.

வேலையை விட்டுப் போனவர்களில் ஒன்பது பேருடைய மின்னஞ்சல் முகவரியைத் தேடிப் பிடித்து, ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி, மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினாள். நான் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன், தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன், இத்யாதி. ஐந்து கடிதம் போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்று பேர் மூச்சே விடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒன்பதாவது ஆள் பதில் போட்டிருந்தார்.

கல்லூரி ஆசிரியர் அறையில், பக்கத்து மேஜைக்காரர் தேர்வுத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் அதைப் படித்தாள். நல்ல ஆங்கிலம். மிகச் சிறந்த நிறுவனம் என்று ஆரம்பித்தது. நூலகம் அருமை, மாணவர்கள் பண்பானவர்கள், தங்குமிடம் வசதியானது. நான் எட்டு மாதம் பணியாற்றினேன், சொந்தக் காரணங்களால் விலக நேர்ந்தது. எல்லாம் இஸ்திரி போட்ட வாக்கியங்கள், எதிலும் கையை வைத்தால் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் தனியாக ஒரு வரி. “யூ ப்ளீஸ் திங்க் அண்ட் தென் ஒன்லி அப்ளை.”

அவளுடைய கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. திரையில் வட்டம் போடப்போய், சட்டென்று நிறுத்தினாள்.

தென் ஒன்லி. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஆங்கிலத்தைக் கொல்கிறார்கள். ஆனால் இந்தக் கொலை எங்கே கற்றது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘அப்புறம்தான்’ என்று மனசுக்குள் தமிழில் நினைத்து, அந்த ‘தான்’ விட்டுப்போய்விடக் கூடாதே என்று அதையும் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் இது வரும். அவளுக்கே வந்திருக்கிறது. பத்தொன்பது வயதில், கல்லூரியில் முதல் முறையாக எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசியபோது, “ஐ ரெட் தி ஸ்டோரி ட்வைஸ், தென் ஒன்லி ஐ அண்டர்ஸ்டுட்” என்றாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதற்கப்புறம் மூன்று வருடம் அவளுக்குப் பெயர் ‘தென் ஒன்லி’. கேன்டீனில், பேருந்து நிறுத்தத்தில், பட்டம் வாங்கின அன்றைக்கு மேடைக்குக் கீழே கூட அந்தப் பெயர்தான். அந்த அவமானத்தில்தான் ஆங்கிலம் கற்றாள். அதன் பிறகு இருபத்தைந்து வருடம் அந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பிள்ளைகள் எழுதினால் வட்டம் போடுவாள், மற்றத் தப்புக்கெல்லாம் போடுவதைவிட ஒரு அழுத்தம் கூடுதலாக.

பழைய பக்கத்திலிருந்து ஒன்பதாவது ஆளின் புகைப்படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். குட்டை முடி, கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, அவளைவிட நாலைந்து வயது சின்னப் பெண். பெயரைப் பார்த்தால் எந்த ஊர், எந்த மொழி என்று சொல்ல முடியாது. இவள் பதிலுக்குத் தமிழில் ஒரே வரி தட்டினாள். “நீங்க தமிழாங்க?”

அரை மணியில் ஒரு தொலைபேசி எண் வந்தது. கூடவே, “எப்படிக் கண்டுபிடிச்சீங்க???” மூன்று கேள்விக்குறி.

சனிக்கிழமை மதியம், வகுப்பெல்லாம் முடிந்து காலியாகிவிட்ட அறை ஒன்றில் உட்கார்ந்து பேசினாள். எதிரே எழுபது பேர் உட்காரும் பெஞ்சுகள், கரும்பலகையில் அவளே எழுதின இறந்தகாலம்.

“எல்லாம் அந்தத் தென் ஒன்லிதாங்க” என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது.

“ஐயையோ! நாலு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன். அப்படியும் பூந்துடுச்சா?”

“நல்லவேளை பூந்துச்சு. நீங்க லெட்டர்ல எழுதினதெல்லாம் நெஜமா?”

ஒன்பதாவது ஆள் இப்போது வேறொரு ஊரில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறாளாம், பின்னால் யாரோ மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

“நூலகம் நெஜம். ரூம் நெஜம். பசங்க நல்லவங்கங்கறதும் நெஜம்தான். ஆனா அந்தப் பசங்களை நான் வகுப்புல பாத்தது மொத்தம் ரெண்டே வாரம் மேடம். அப்புறம், உச்சரிப்பு பசங்களுக்குப் பழகலேன்னு சொல்லி, ‘எழுத்து உதவிப் பிரிவு’ன்னு ஒரு ரூமுக்கு அனுப்பிட்டாங்க. கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. ஏழு மேஜை, ஏழு பேர். பசங்க எழுதறதெல்லாம் கூடையில வரும். நாங்க திருத்தித் திருப்பி அனுப்பணும். வாரத்துக்கு ஆளுக்கு முந்நூறு. வகுப்புல நின்னு பேசறது அந்த நாலு பேர்தான். நாங்க அந்த ரூமுக்கு சலவைக் கடைன்னு பேர் வெச்சிருந்தோம். அழுக்கா வரும், வெளுத்துப் போகும்.”

“விளம்பரத்துல உரையாடல் வகுப்புன்னு இருந்துச்சே.”

“இருக்கும். அந்த வகுப்பு நடக்குதுல்ல? நீங்க எடுப்பீங்கன்னு எங்கேயும் எழுதலையே. நல்லாப் படிச்சுப் பாருங்க.”

இவள் நோட்டைப் புரட்டினாள். விளம்பரத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். ‘துறை வழங்கும் வகுப்புகள்’ என்றுதான் இருந்தது. வாழ்நாளெல்லாம் வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்கினவள், தனக்கு வேண்டியது கண்ணில் பட்டதும் எழுவாயைக் கோட்டைவிட்டிருந்தாள்.

“அதனாலதான் வந்துட்டீங்களா?”

“அதனால இல்ல. வேலைன்னா எல்லாத்தையும்தான் செய்யணும். ஒரு பையன் அவங்க அண்ணன் செத்துப்போனதைப் பத்தி எழுதியிருந்தான் மேடம். தப்புத் தப்பா, ஆனா என்னமா எழுதியிருந்தான் தெரியுமா! நான் பின்பக்கம் முழுக்க அவனுக்கு எழுதினேன். எது நல்லாருக்கு, எந்த வரியை மாத்தவே கூடாதுன்னு. ஒரு வாரம் கழிச்சு நடைபாதையில வரேன், அந்தப் பையன் அந்தச் சுருட்டை முடி சார் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீங்க எனக்கு எழுதினதை எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சார்’னு அழறான். அவர் சங்கடமா சிரிக்கிறார். நான் பக்கத்துல நிக்கறேன். ரெண்டு பேருக்கும் வழிவிட்டு ஒதுங்கிப் போனேன். அன்னைக்கே சொல்லிட்டேன், கெளம்பறேன்னு.”

“இதை ஏங்க லெட்டர்ல எழுதலை?” என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

“இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா மரியாதையா மட்டும்தான் மேடம் வருது எனக்கு. குறை சொல்றதுக்குக் கத்துக்கவே இல்லை. எழுதி முடிச்சுப் படிச்சா ஏதோ நற்சான்றிதழ் மாதிரி இருந்துச்சு. உங்களை நெனச்சா பாவமா இருந்துச்சு, அதான் கடைசியில ஒரு வரி சேத்தேன். அந்த லெட்டர்லயே நான் நெஜமா எழுதினது அது ஒண்ணுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “போகாதீங்கன்னு சொல்லலை. எங்கள்ல யாருக்கும் முன்கூட்டியே கேக்கணும்னு தோணலை. நீங்க கேட்டுட்டுப் போங்க” என்றாள்.

பேசி முடித்தும் அந்தக் காலி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, ஏழு மேஜை, கூடை. பாவம் என்று அவர்களுக்காக வருத்தப்பட ஆரம்பித்தவளுக்கு, பையைத் திறந்ததும் உள்ளே இருந்த அறுபத்தெட்டு நோட்டுகள் தெரிந்தன. பதினெட்டு வருடமாக அவள் இருக்கிறதும் அதே சலவைக் கடைதானே. இங்கே ஜன்னல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பேராசிரியர் மேல், துறைத்தலைவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இத்தனை வருடம் பாராட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டின தன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மகள் உடனே, “அப்ப அப்ளை பண்ணாதேம்மா” என்றாள். வீட்டுக்காரர் யோசித்தார். அவள் போகாமலிருந்தால் அவருக்கு நிம்மதி, அது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. இருந்தாலும் மனுஷன் வேறு மாதிரி சொன்னார். “பட்டனை அமுக்காமலே லிஃப்ட் வராதுன்னு சொல்லக் கூடாது, ஆராய்ச்சி. அமுக்கிப் பாரு. உனக்கு என்ன வேணுமோ அதைக் கேளு. வந்தா ஏறு.”

கடைசி நாளுக்கு முந்தின நாள் விண்ணப்பம் போனது. நோட்டில் கேட்க வேண்டியவை என்று முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. குளிர், வாடகை, பல் வைத்தியர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தாள்.

பத்தே நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி, கணினி வழியாக. வீட்டுக்காரர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். குளிர்பதனப் பெட்டி உறுமுகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கினார். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினார். பக்கத்து வீட்டில் போய், ஒரு மணி நேரத்துக்கு ஆணி கீணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மகளுடைய படிப்பு மேஜைதான் அலுவலகம். அப்பாவும் மகளும் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடிச் சங்கிலி அம்மையாரும் சுருட்டை முடிக்காரரும். ஆறு வருடமாகத் தெரிந்த முகங்கள். அவளை அறியாமலே சிரித்துவிட்டாள். அவர்களும் சிரித்தார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள், அதுதான் சங்கடமாக இருந்தது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அவளுடைய ஆங்கிலம் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கதையை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள், அவள் சொல்லச் சொல்ல அம்மையார் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். இருபது நிமிடம் அப்படிப் போனது.

“எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?” என்றார் அம்மையார் கடைசியில்.

“ஒன்றே ஒன்று. வாரத்தில் எத்தனை மணி நேரம் நான் மாணவர்கள் முன்னால் நின்று பேசுவேன்?”

சுருட்டை முடிக்காரர் தன் கோப்பைக்குள் பார்த்தார். அம்மையார், “முதல் வருடம் புதியவர்கள் எழுத்து உதவிப் பிரிவில் இருப்பார்கள். அதன் பிறகு துறையின் தேவையைப் பொறுத்து” என்றார்.

“கடந்த ஆறு வருடத்தில் அந்தப் பிரிவிலிருந்து வகுப்புக்குப் போனவர் யாராவது உண்டா?”

பதில் அவளுடைய நோட்டில் இருந்தது. அம்மையாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். “இல்லை” என்றார். பிறகு, “நீங்கள் நிறையவே விசாரித்திருக்கிறீர்கள்” என்றார். அதில் கோபம் இல்லை.

இப்போது சொல்லியாக வேண்டும். மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிப் பார்த்தாள். தாங்கள் பரிசீலித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். வேண்டாம், அது பிச்சை. வகுப்பு வழங்கப்படும் பட்சத்தில் நான் மகிழ்ச்சியுடன். அதுவும் வேண்டாம், அது சலவை. இலக்கணம் கற்றுக்கொடுத்த வாக்கியமெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ‘தான்’. அதை வைத்துக்கொள்ள அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“ஐ வில் ஸ்டாண்ட் இன் தி கிளாஸ். தென் ஒன்லி ஐ வில் கம்.”

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் ‘ஹா’ என்று மூச்சை இழுத்தது காதில் விழுந்தது.

“மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா?” என்றார் அம்மையார்.

சொன்னாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக.

“புரிந்தது. இதை உங்கள் நிபந்தனை என்று குறித்துக்கொள்ளட்டுமா? அப்படிக் குறித்தால் இந்த வருடம் நடக்காது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.”

இந்த வருடம் என்றால் அவளுக்கு என்றைக்குமே என்று அர்த்தம். வட்டமாகப் போட்ட இருபத்துநாலு நாற்காலி கண்முன்னால் வந்தது. கண் கரித்தது. “குறித்துக்கொள்ளுங்கள்” என்றாள்.

அம்மையார் எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றது. லேசாக மேலே எழும்பி, காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் தயங்கியது. அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக அவளுடைய பேனா அப்படித்தான் தயங்கி, அப்புறம் இறங்கும்.

“நான் சொன்னபடியே எழுதுங்கள்” என்றாள். “தயவுசெய்து திருத்த வேண்டாம்.”

திரை அணைந்ததும் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அம்மா! தென் ஒன்லின்னு சொன்னே! நான் எழுதினா குதிப்பியே, ரெண்டு தடவை சொன்னே!”

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நிம்மதிப்பட்டுவிட்டோமே என்று அவருக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் குளிர்பதனப் பெட்டியின் பிளக்கைச் சொருகினார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்பதாவது ஆளுக்கு ஒரு சேதி தட்டினாள்.

“கேட்டேன்.”

உடனே பதில் வந்தது. “அவங்க கேட்டாங்களா?”

“கேட்டாங்க,” என்று எழுதினாள். “ரெண்டு தடவை.”